மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

இன்றைக்கும் கோயிலில் யாராவது யெப்தாவின் பொருத்தனையைப் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பாதிரியாருக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். யுத்தத்தில் ஜெயித்துத் திரும்பினால் தன் வீட்டு வாசலிலிருந்து முதலில் எது எதிர்ப்படுகிறதோ அதைக் கடவுளுக்குப் பலியிடுவதாக ஒரு மனிதன் நேர்ந்துகொள்கிறான். ஒரே மகள் ஆடிக்கொண்டு எதிரே வருகிறாள். உடனே அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டு, அவள்தான் தன்னைக் கெடுத்துவிட்டாள் என்று அழுகிறான். வாசலில் வேறு யார் வருவார்கள் என்று நினைத்தானாம்? வேலைக்காரி வந்திருந்தால் பரவாயில்லையா? கேட்டால், வேதத்தைத் தர்க்கம் பண்ணாதே என்பார்கள்.

எனக்கு யெப்தாவின்மேல் உள்ள கோபம் வேதத்தை வாசித்து வந்ததில்லை. பயாஸ்கோப் பார்த்து வந்தது.

பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. சிராங்கூன் ரோட்டில் மாட்டுக் கொட்டில்களுக்குப் பின்னால், சுண்ணாம்புக் காளவாயின் புகை தினமும் வீட்டுக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போகிற இடத்தில் எங்கள் அத்தாப்புக் கூரை வீடு. அப்பா ரோட்டு வேலைக் கூலிகளுக்கு மேஸ்திரி. இந்த ஊர் வழக்கில் மண்டோர். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் கோயிலில் மூப்பர். சொன்ன சொல் தவறாதவர் என்று ஊருக்குள் அவருக்குப் பெயர். அப்பாவின் வாக்கு என்பது எங்கள் வீட்டில் தனியாக ஓர் ஆள் மாதிரி. சாப்பாட்டுக்கு முதல் இலை அதற்குத்தான் போடவேண்டும்.

அந்த வாக்குகளில் ஒன்று ஜோகூரில் கொடுக்கப்பட்டது. அங்கே ரோடு போடப் போன இடத்தில் அப்பாவுக்குக் காட்டுக் காய்ச்சல் கண்டு, பிழைக்கமாட்டார் என்று கூலிகள் கைவிட்டுவிட்டார்கள். பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக் கங்காணி ஒருவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், தன் வீட்டில் கிடத்திப் பன்னிரண்டு நாள் கஞ்சி ஊற்றினார். கங்காணியும் நம் கோயிலைச் சேர்ந்தவர்தான். அப்பாவுக்குப் புத்தி தெளிந்த அன்று வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்து, என் தங்கையை உமக்குக் கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். கங்காணிக்கு வயது நாற்பத்தாறு. இரண்டு மனைவிகளை அடக்கம் பண்ணியவர். மூன்று பிள்ளைகள். நல்ல மனிதர் என்றே எல்லாரும் சொன்னார்கள். இருக்கலாம். நல்ல மனிதருக்கு நன்றி சொல்ல அப்பாவிடம் ஒரு ஜோடி நல்ல காளைகள் இருந்தன. அதை அவர் யோசிக்கவே இல்லை.

அந்தத் தங்கைதான் என் அத்தை. அவளுக்குப் பத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லை. எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரிப்பாள். இதற்காக அம்மாவிடம் வாரம் தவறாமல் திட்டு வாங்குவாள். எனக்குத் தலை பின்னிவிடும்போது முடியைப் பிடித்து இழுத்து, 'ஏய் குதிரை, ஓடு' என்பாள். கங்காணியின் பேச்சு வந்த அன்று அடுப்படியில் நின்று, "எனக்கு அந்த ஆளு வேண்டாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். உபவாச ஜெபம் என்றார். மூன்றாம் நாள் காலையில் அத்தையே கஞ்சியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அதற்குப்பின் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.

அவளுக்காகப் பேசியது சித்தப்பா மட்டும்தான். அப்பாவுக்கு இளையவர், அத்தைக்கு மூத்தவர். பினாங்கில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஐந்து வருஷம் இருந்துவிட்டுக் கால்சட்டையும் மூக்குக் கண்ணாடியும் இங்கிலீஷுமாகத் திரும்பி வந்தவர். டோபி காட் வெளியில், சலவைத் துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கொட்டகையில் பயாஸ்கோப் காட்டுவார்கள். அந்தத் திரையையே வண்ணார்களிடம்தான் வெளுத்து வாங்குகிறார்கள் என்று ஊரில் கேலி. படம் பேசாது. நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வரும். நம் ஆட்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் நின்று, தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, அந்த எழுத்தையும் கதையையும் தமிழில் சொல்கிற உத்தியோகம் சித்தப்பாவுக்கு. கொட்டகைக்குப் போகாத எங்கள் வீட்டில்கூட அவருக்கு அதனால் ஒரு நாற்காலி கிடைத்தது. அப்பா உட்பட மற்றவர்களுக்குப் பாய்.

சித்தப்பாவுக்கு என்மேல் தனிப் பிரியம். நான் மிஷன் பெண்பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாசிக்கிறவள். வரும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து ஏதாவது ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுவார். "வாசி புள்ள, ஒனக்கு வருதான்னு பாக்கேன்" என்பார். நான் வாசித்து அர்த்தமும் சொல்லுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "பரவால்ல, தேறிட்ட" என்று தலையில் தட்டுவார். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அப்படிப்பட்ட பரீட்சை கிடையாது.

கல்யாணப் பேச்சு முற்றியபோது ஒருநாள் சித்தப்பா அந்த நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார். "வாக்குக் குடுத்தது நீங்கண்ணே. போறது அவளா?" அப்பா முறைத்தார். சித்தப்பா விடவில்லை. "உங்க உசிருக்கு உங்களைத்தானே குடுக்கணும். அவ உசிரு என்ன உங்க மடியில இருக்கற வெத்தலையா?" வேறு யார் கேட்டிருந்தாலும் பல் கொட்டியிருக்கும். அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். பிறகு அம்மாவிடம், "நாலெழுத்து இங்கிலீஷ் படிச்சவன், நாலு தொரைங்களோட பழகினவன். அவன் சொல்றதையும் கேக்கத்தான் வேண்டியிருக்கு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. தை மாதம் என்றிருந்த கல்யாணம் உயிர்த்தெழுந்த திருநாளுக்குப் பிறகு என்று தள்ளிப்போனது. நான் சித்தப்பாவின் அந்தக் கேள்வியை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு மனப்பாடம் பண்ணுகிற மாதிரி, நடக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

தள்ளித்தான் போனது, நிற்கவில்லை. திருநாள் முடிந்ததும் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று சபை முன்னால் சொல்லி, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாதிரியார் கேட்பார். மூன்று ஓலையும் தடையில்லாமல் முடிந்துவிட்டால் அப்புறம் ஒருவரும் வாய் திறக்க முடியாது. முதல் ஓலை முடிந்தது. இரண்டாம் ஓலையும் முடிந்தது. கங்காணி தோட்டத்திலிருந்து வந்து, அத்தைக்கென்று ஒரு பெரிய டின் பிஸ்கோத்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அத்தை அதைத் தொடவில்லை. அவள் தொடாததால் யாரும் தொடவில்லை. அது அலமாரியின் மேல் உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமைதான் அந்தப் படம் வந்தது.

அன்று காலையில் சித்தப்பா ஒரு நோட்டீஸோடு வந்து வழக்கம்போல, "வாசி பாப்போம்" என்றார். கொழும்புக் கப்பலில் அன்றைக்குத்தான் படப் பெட்டி வந்து இறங்கியதாம், மதியம் மூன்று மணிக்கு ஆட்டமாம். யெப்தாவின் மகள், வேதக் கதை, தாய்மார்களும் பிள்ளைகளும் வரலாம் என்று வாசித்தேன். நடுவில் ஒரு வரி மட்டும் நீளம் நீளமான சொற்களாக இருந்தது. எனக்கு வாயில் நுழையவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி நடத்திக்கொண்டு போவது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் வரும். நானும் அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். சித்தப்பா தலையில் தட்டினார்.

பயாஸ்கோப் பிசாசின் கண்ணாடி என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, வேதக் கதை என்றதும் இறங்கி வந்தார். யெப்தா என்றதும் இன்னும் இறங்கினார். அத்தையும் கட்டாயம் வரவேண்டும் என்றார். "வாக்குன்னா என்னன்னு கண்ணால பாக்கட்டும்" என்றார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மனிதர் பாடம் நடத்தத்தான் எங்களைப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்.

சபையில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். கொட்டகைக்குள் நடுவே கயிறு கட்டி, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் நாங்கள். வேர்த்துக் கொட்டியது. கையில் கச்சாங் கடலைப் பொட்டலம். அத்தை என் பக்கத்தில், அம்மா அந்தப் பக்கம். சித்தப்பா தகரக் குழலோடு திரையோரம் வந்து நின்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதோ எங்கள் சித்தப்பா என்று முன் பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் சொன்னேன்.

படம் தொடங்கியது. நாங்கள் தாடியும் அங்கியும் ஒட்டகமும் எதிர்பார்த்துக் காத்திருந்தோம். திரையில் முறுக்கு மீசையும் பூட்ஸுமாக ஒரு வெள்ளைக்காரத் தளபதி வந்தார். பின்னால் பீரங்கி. வேதக் கதையை இந்தக் காலத்தில் நடப்பதாக மாற்றி எடுத்திருக்கிறார்கள். நான் தாண்டி வாசித்த வரி அதைத்தான் சொல்லியிருக்கவேண்டும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சலசலப்பு. "யெப்தாவுக்கு ஏதுய்யா துப்பாக்கி?" என்று அப்பாவின் குரலே கேட்டது. சித்தப்பா ஒரு நொடிதான் விழித்தார். உடனே குழலைத் தூக்கி, "பெரியோர்களே, யெப்தா இன்னைக்கு நம்ம ஊருல இருந்தா எப்படி இருப்பாரோ, அப்படிக் காட்டுறாங்க! பாருங்க, பொருத்தனை பண்றாரு!" என்று முழங்கினார். ஜனங்கள் அடங்கினார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா முணுமுணுத்தாள்.

தளபதி ஜெயித்துத் திரும்பினார், மோட்டார் காரில். பெரிய இரும்புக் கதவு திறந்தது. முதலில் ஒரு குட்டி நாய் ஓடி வந்தது. பெண்கள் பக்கம் அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நாய் இன்னும் பத்தடி ஓடிவந்திருந்தால் கதையே முடிந்திருக்கும். ஆனால் அது பாதியில் எதையோ மோந்து பார்க்க நின்றுவிட்டது. பின்னாலேயே வெள்ளைப் பாவாடை கட்டிய மகள், கையில் பந்தடிக்கிற மட்டையோடு ஓடி வந்து தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நாயைக் கோயிலுக்குப் போய்ச் சபித்ததாக முன் பெஞ்சு அம்மாள் பிறகு சொன்னாள் என்று கேள்வி.

இந்தக் காலத்துக் கதை என்பதால் பலிபீடம் இல்லை. அவளை ஆயுள் முழுக்கக் கன்னிமடத்தில் அடைத்துவிடவேண்டும், அதுதான் பலி. தகப்பன் நாற்காலியில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மகள் அழவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாக ஏதோ பேசினாள். உதடு அசைந்தது. பக்கத்தில் அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் எழுத்து வந்தது.

சின்னச் சின்னச் சொற்கள். எனக்கு ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. அப்பா, வாக்குக் கொடுத்தது நீங்கள், நான் இல்லை, நான் போகமாட்டேன் என்று எழுதியிருந்தது. சித்தப்பா எங்கள் வீட்டில் நின்று கேட்டது அதேதான்! எங்கள் வீட்டுப் பேச்சு அத்தனை பெரிய திரையில், ஆள் உயரத்துக்கு நிற்கிறது. சித்தப்பா அதை இப்போது குழலில் முழங்கப் போகிறார், அப்பா கேட்கப் போகிறார், அத்தை கேட்கப் போகிறாள் என்று நான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன்.

சித்தப்பா குழலை எடுத்தார். குரல் தழுதழுத்தது. "அப்பா! நீங்க குடுத்த வாக்கு எனக்கும் வாக்குதான். உங்க சித்தப்படியே என்னை அனுப்புங்க. நான் சந்தோஷமாப் போறேன்!"

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா உரக்க 'ஆமென்' என்றார். அத்தையின் கை என் கையிலிருந்து நழுவி அவள் மடியில் போய் விழுந்தது.

எனக்கு அப்போது வந்த கோபம் மாதிரி அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். சித்தப்பா விலை போய்விட்டார், அப்பா பக்கம் சேர்ந்துகொண்டார், கண்ணெதிரே எழுதியிருப்பதை வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒன்பது வயதில் துரோகம் என்ற சொல் தெரியாது. பொய் என்ற சொல் தெரியும். பெஞ்சின்மேல் ஏறி நின்றேன். "பொய்! சித்தப்பா பொய் சொல்றாங்க! அங்க அப்பிடி எழுதலை! வாக்குக் குடுத்தது நீங்க, நான் போமாட்டேன்னுதான் எழுதியிருக்கு!"

அம்மா தொடையில் கிள்ளினாள். நான் இறங்கவில்லை. "என்னய்யா இது, புள்ள வேற சொல்லுது?" என்று ஒருவர் கேட்டார். கதவோரம் டிக்கெட் கிழிக்கிற யாழ்ப்பாணத்துக்காரர் நின்றிருந்தார். அவர் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "பிள்ளை வாசிச்சதுதான் சரி" என்றார். அதற்குள் அடுத்த எழுத்து வந்துவிட்டது. "இதை வாசிங்க அண்ணாச்சி, பாப்போம்" என்று இன்னொரு குரல். அப்புறம் நாலைந்து குரல்கள். "வாசிங்க லா!"

சித்தப்பா திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுத்து நின்றது, போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. படம் சுற்றும் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. பியானோ வாசிக்கிற யுரேஷியச் சட்டைக்காரர்கூட நிறுத்திவிட்டார். யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு ஆண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. சித்தப்பா தகரக் குழலை ஸ்டூலின்மேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி ஒழுங்காக வைத்துவிட்டு, பக்கக் கதவு வழியாக வெயிலுக்குள் போனார். பொய் பிடிபட்டதால் ஓடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் கன்னிமடத்துக்குப் போனாளா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தகப்பனை எதிர்த்துப் பேசுகிற படம் என்று தெரிந்ததும் அப்பா எங்களைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாதக்கணக்கில் அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. "ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாத பய! பட்லர் இங்கிலீஷை வெச்சுக்கிட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்தான். ஒம்பது வயசுப் புள்ள தோலை உரிச்சுப் போட்டுதே!" என்றார். அம்மா மட்டும், "பேசத் தெரியுமே, வாசிக்கத்தானே தெரியாது. அதுக்கு இம்புட்டு கெக்கலிப்பா?" என்றாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்? நானும் அதையெல்லாம் வெறும் ஏச்சுப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்; சித்தப்பா பொய் சொன்னார் என்பதுதான் என் மனதில் நின்றது. அப்பா சித்தப்பாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். அலமாரியின் மேலிருந்த கங்காணியின் பிஸ்கோத்து டின்னை இறக்கச் சொன்னார். மூடியை நெம்பித் திறந்து முதல் பிஸ்கோத்தை எடுத்து, "இந்தா, என் மகளுக்கு" என்று என்னிடம் நீட்டினார். மேலே சர்க்கரை பூத்திருந்தது. வாங்கித் தின்றேன். அத்தை அடுப்படி நிலையில் சாய்ந்து நான் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொன்று கேட்டேன். அதையும் அப்பா கொடுத்தார்.

மீதியெல்லாம் எனக்குப் பதினெட்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. கங்காணி இறந்தபின் அத்தை தோட்டத்திலிருந்து திரும்பி வந்திருந்தாள். முப்பத்தேழு வயதில் முடி பாதி நரைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். ஒருநாள் இரண்டு பேரும் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தப் படத்தின் பேச்சை எடுத்தேன். சித்தப்பா அன்று உன்னைக் காட்டிக்கொடுத்தார் என்று சொன்னேன். அவள் இறாலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காட்டிக்குடுக்கறதாவது! அவனுக்கு என்ன எழுதியிருக்குன்னே தெரியாதேடி. எப்பவும் மொத ஆட்டத்தை அந்த யாழ்ப்பாணத்தாரு கூட உக்காந்து பாத்து, கேட்டு, மனப்பாடம் பண்ணிக்கிட்டுத்தான் சொல்லுவான். அன்னைக்குப் பெட்டி லேட்டா வந்து எறங்குச்சு. வேதக் கதைதானே, நமக்குத் தெரியாததான்னு நின்னுட்டான். வேதத்துல அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சோ அதைச் சொன்னான்."

அப்படி இருக்காது என்று மறுக்கவேண்டும்போல எனக்குத் தோன்றியது. முடியவில்லை. அந்தச் சட்டைப் பைக் காகிதங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. அவர் எனக்குப் பரீட்சை வைக்கவே இல்லை. நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அவனுக்கு வாசிக்க வராதுன்னு எனக்கு முந்தியே தெரியும்" என்றாள் அத்தை. "ரெண்டாம் ஓலை வாசிச்ச அன்னைக்கு எங்கிட்ட வந்து சொன்னான். மூணாம் ஓலை வாசிச்சு ஆட்சேபணை உண்டான்னு கேக்கறப்போ நான் எந்திரிச்சு நிப்பேன் தங்கச்சி, நிக்கறதுக்கு ஒரு ஆளு போதும், நீ பயப்படாதேன்னான்." மறுபடி இறாலை எடுத்தாள். "அப்புறம் அவன் வரலை. ராவோட ராவா ஈப்போவுக்கு ரயிலேறிட்டான்."

என்மேல் கோபமில்லையா என்று கேட்டேன். "ஒம்மேல என்ன கோவம்? நீ உள்ளதைத்தானே சொன்ன" என்றாள். அதை அவள் மன்னிப்பாகத்தான் சொன்னாள். எனக்கு அது உறைத்த மாதிரி எந்தத் திட்டும் உறைத்ததில்லை.

சித்தப்பாமேல் எனக்குக் கோபம் உண்டு. ஊர் சிரித்தது என்று ஒரு மனிதன் ஊரைவிட்டே போவதா? இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன? எழுந்து நிற்க இங்கிலீஷ் வேண்டுமா? ஓலை வாசித்தது தமிழில். ஆட்சேபணையும் தமிழில்தான் சொல்லவேண்டும். அவருக்கு நம்மையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற தமிழ் இருந்தது. அப்பாமேல் உள்ள கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. அத்தையே எழுந்து நின்றிருக்கலாமே என்று கேட்கிறவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அவள் ஒரு தடவை சொன்னாள், அதற்கு இரண்டு நாள் ஒருவர் பட்டினி கிடந்து காட்டினார். மறுபடியும் அவளேதான் சொல்லவேண்டுமா? இத்தனை கோபத்தையும் கொட்டித் தீர்த்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த இன்னொரு தடவை என்றேனே, இறால் உரித்த அன்று வந்த இந்தக் கோபம்தான் அது. அதன் வேர் மூன்றாம் ஓலை வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்கிறது.

கோயில் நிறைந்திருந்தது. முந்தின நாள் கதை எல்லார் வாயிலும் இருந்ததால் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கன்னத்தைக் கிள்ளினார்கள். கெட்டிக்காரி என்றார்கள். நான் கஞ்சி போட்ட கவுனில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அத்தை. பிரசங்கம் முடிந்து பாதிரியார் ஓலையை எடுத்தார். மூன்றாம் முறையாகவும் கடைசி முறையாகவும் வாசிக்கப்படுகிறது என்றார். அப்பாவின் பெயர், அத்தையின் பெயர், கங்காணியின் பெயர். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்.

அத்தை தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். வாசலில் வெயில் மட்டும் விழுந்துகிடந்தது. முன்னால் திரும்பினாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பாதிரியார் காத்திருந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் காத்திருந்தார் என்றே எனக்கு ஞாபகம். கொட்டகையில் முந்தின நாள் இருந்த அதே அமைதி. மிஷின் சத்தம் மட்டும் இல்லை. அத்தை மூன்றாம் முறை வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவள் கண் என்மேல் ஒரு விநாடி நின்றது.

முந்தின நாள்தான் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரைசானிக்காகப் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தியவள் நான். சொல்லவேண்டியது மனப்பாடமாக இருந்தது. வாக்குக் கொடுத்தது எங்கள் அப்பா, போவது இவளா? அவ்வளவுதான். அது கொட்டகை, இது கோயில். அது படம், இது பெரியவர்கள் காரியம். நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்லிடுக்கில் பிஸ்கோத்துச் சர்க்கரை இன்னும் இருக்கிறதா என்று நாக்கால் தேடிக்கொண்டிருந்தேன்.

பாதிரியார் ஓலையை மடித்தார். யாருக்காவது என்று அவர் கேட்டாரே, அந்த யாரோ ஒருவரில் நானும் ஒருத்தி என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.